எல்டன் ரிங்: விளையாட்டு எழுதித் தராத கிளைக்கதைகளை முழுதாக முடிப்பது எப்படி

எல்டன் ரிங் உலகின் தொடக்க நிலமான லிம்கிரேவில், அகீல் லேக் நார்த் என்ற கிரேஸுக்கு (உட்கார்ந்து ஓய்வெடுக்கும் ஒளி இடம்) அருகே உள்ள மேட்டில் குதிரையில் போனால் ஓரிடத்தில் ஒரு குரல் கேட்கும். யாரோ உதவிக்கு அழைக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை, மரங்களும் புதர்களும்தான். நான் மூன்று முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். நான்காவது முறை குதிரையிலிருந்து இறங்கி, குரல் வரும் இடத்தில் இருந்த சின்ன மரத்தை வாளால் ஒரு தட்டு தட்டினேன். மரம் மறைந்தது, அந்த இடத்தில் போக் என்ற சின்ன உருவம் நின்றது. யாரோ மந்திரம் போட்டு மரமாக்கி விட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். திரையில் அம்புக்குறி எதுவும் வரவில்லை, 'புதிய குவெஸ்ட்' (புதிய பணி) என்ற அறிவிப்பும் இல்லை. காது கொடுத்தவனுக்குக் கதை கிடைத்தது, அவ்வளவுதான்.

எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. உருவாக்கியது ஜப்பானின் ஃப்ரம் சாஃப்ட்வேர், இயக்கியவர் ஹிடேடகா மியாசாகி. அந்த உலகத்தின் பழங்கதையை எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். இதில் குவெஸ்ட் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. வெளியான அடுத்த மாதம் வந்த 1.03 அப்டேட்டில், நாம் சந்தித்த ஆட்களின் பெயர் வரைபடத்தில் தெரியும்படி செய்தார்கள். அதற்கு மேல் எந்த உதவியும் இல்லை. அதனால் நிறையப் பேர் முக்கியக் கதையை முடித்துவிட்டு, மிகச் சிறந்த கதைகளைத் தொடாமலேயே கடந்து போகிறார்கள். அந்த இழப்பு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கதையின் திருப்பங்கள் இதில் வரும். எதையும் முன்பே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டு விளையாடப் போகலாம்.

முதலில் நான்கு பழக்கங்கள்

ஒருவரிடம் பேசினால், சொன்னதையே அவர் திரும்பச் சொல்லும் வரை பேசுங்கள். முதல் இரண்டு வசனத்தோடு நகர்ந்துவிட்டால் மூன்றாவதில் சொல்லவிருந்த ஊர்ப்பெயர் கிடைக்காமலே போகும். கதை அடுத்த கட்டத்துக்கு நகராமல் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதல் இடம்.

ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். யார், எங்கே, எதைக் கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். 'இஜி, மேனர் போகும் சாலை, கொல்லன், மேனர் பக்கம் போகாதே என்றார்.' இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் இந்த ஒரு வரி விட்ட இடத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

பெரிய பாஸ் (பலமான தலைமை எதிரி) ஒன்றை வீழ்த்தினால், முன்பு பேசிய ஆட்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். இந்த உலகத்தில் ஆட்கள் ஒரே இடத்தில் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. அவர்களுக்கும் பயணம் இருக்கிறது.

கடைசியாக, கையில் கிடைக்கும் பொருட்களின் விளக்கத்தைப் படியுங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. ஒரு மோதிரத்தின் விளக்கம் என்னை எவ்வளவு நேரம் அப்படியே உட்கார வைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போக்கில் இருந்து ஆரம்பியுங்கள்

முதல் கிளைக்கதையாகப் போக்கின் கதையை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சின்னது, பயமில்லாதது, மேலே சொன்ன பழக்கங்கள் எல்லாம் இதிலேயே படிந்துவிடும்.

மரத்திலிருந்து விடுவித்ததும் அவனிடம் முழுதாகப் பேசுங்கள். அப்புறம் லிம்கிரேவின் மேற்குக் கடற்கரையில் கோஸ்டல் கேவ் என்ற குகைக்குப் போனால், அடிபட்டு உட்கார்ந்திருப்பான். அவனுடைய இனத்தாரே அவனை அடித்து விரட்டியிருக்கிறார்கள். அவன் அம்மாவின் தையல் ஊசி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. குகையின் உள்ளே இருக்கும் இரண்டு தலைவர்களை வீழ்த்தினால் ஊசியும் தையல் சாமான்களும் கிடைக்கும். திரும்பி வந்து ஊசியைக் கொடுங்கள்.

அடுத்து ஸ்டார்ம்வெயில் கோட்டையைத் தாண்டியதும் வரும் லேக் ஃபேசிங் கிளிஃப்ஸ் கிரேஸில் நிற்பான். அங்கிருந்து அவன் உங்கள் தையல்காரன். உடைகளை மாற்றித் தைத்துக் கொடுப்பான், உங்களைப் பெரிய மரியாதையோடு அழைப்பான். நீங்கள் முன்னேற முன்னேற அவனும் ஒவ்வொரு கிரேஸாகப் பின்னாலேயே வருவான். சர்ச் ஆஃப் வௌஸ் என்ற தேவாலயத்தில் ஒரு பெட்டிக்குள் தங்க ஊசி இருக்கிறது. அதையும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். இவன் கதை இத்துடன் முடியவில்லை, கடைசியில் திரும்ப வருகிறேன்.

காட்டில் ஊளையிடும் ஓநாய்

லிம்கிரேவின் கிழக்கே மிஸ்ட்வுட் காட்டில் இடிந்த கட்டடங்கள் நடுவே நின்றால் மேலிருந்து ஓநாயின் ஊளை கேட்கும். அண்ணாந்து பார்த்தால் பாழடைந்த சுவரின் உச்சியில் யாரோ நிற்பது தெரியும். கூப்பிட வழியில்லை. நேராக சர்ச் ஆஃப் எல்லே போய் காலே என்ற வியாபாரியிடம் பேசுங்கள். ஊளையைப் பற்றிப் பேச்சு வரும், விரல் சொடுக்கும் சைகையைக் கற்றுத் தருவார். திரும்பி வந்து சுவருக்குக் கீழே நின்று சொடுக்கினால் பிளைத் குதித்து இறங்குவான். ஆள் உயரம் மனிதனைத் தாண்டியது, முகம் ஓநாய்.

டாரிவில் என்ற துரோகியைத் தேடுவதாகச் சொல்வான். அந்தத் துரோகி, தெற்கே ஃபார்லார்ன் ஹவுண்ட் எவர்கேயால் என்ற சிறைவட்டத்துக்குள் இருக்கிறான். உள்ளே போவதற்கு முன் தரையில் பிளைத்தின் அழைப்புக் குறி இருக்கும். அவனைக் கூப்பிட்டுக்கொண்டு சண்டை போடுங்கள். தனியாகவும் ஜெயிக்கலாம், ஆனால் பிளைத்தோடு சேர்ந்து வாள் வீசியிருந்தால்தான் பின்னால் வருவது முழுதாக உறைக்கும்.

இந்தச் சந்திப்பைத் தவறவிட்டாலும், பிளைத் பணிசெய்யும் ரான்னி என்ற சூனியக்காரியின் கதை நடக்கும். ஆனாலும் தவறவிடாதீர்கள்.

ரான்னியின் கதை, படிப்படியாக

இதுதான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய கிளைக்கதை. கிளைக்கதை என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது. பல பாஸ்கள், பூமிக்கடியில் இரண்டு நகரங்கள், தனியாக ஒரு முடிவு எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

*முதல் சந்திப்பு.* டோரன்ட் குதிரை கிடைத்த பிறகு, இரவில் சர்ச் ஆஃப் எல்லேக்குத் திரும்பிப் போங்கள். இடிந்த சுவரின் மேல் நான்கு கைகள் கொண்ட பொம்மை உருவம் ஒன்று பெரிய தொப்பியோடு உட்கார்ந்திருக்கும். பெயர் ரென்னா என்று சொல்லி, ஆவிகளை அழைக்கும் மணியையும், மூன்று ஓநாய்களின் ஆவியைச் சண்டைக்குத் துணையாக அழைக்க உதவும் சாம்பலையும் கொடுக்கும். அந்தப் பெயர் பொய், அவள்தான் ரான்னி. இதைத் தவறவிட்டால் பதற வேண்டாம். ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற பொதுக் கூடத்தில் இருக்கும் இரட்டைக் கிழவிகளிடம் அந்த இரண்டையும் விலைக்கு வாங்கலாம்.

*கேரியா மேனர்.* லியூர்னியா என்ற நிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் மாளிகை இது. வழியில் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் பூதக் கொல்லன்தான் இஜி, நிதானமான நல்ல மனிதர். அவரைத் தாண்டி மாளிகையை நெருங்கும்போது வானத்திலிருந்து மந்திர அம்புகள் பொழியும், நிற்காமல் குதிரையை விடுங்கள். உள்ளே மனிதக் கை வடிவத்தில் ஊர்ந்து வரும் ஜந்துக்கள் இருக்கும். தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தால் போதாது, மேலிருந்தும் விழும். கடைசியில் குதிரைமேல் வரும் லோரெட்டாவை வென்றால் மூன்று கோபுரங்கள் நிற்கும் வெளி திறக்கும். அங்கே ஒரு டிராகன் சுற்றும், பெயர் அடூலா. ஓரளவு அடித்தால் பறந்து போய்விடும். அதனோடு இப்போதே மல்லுக்கட்ட வேண்டியதில்லை, பின்னால் ஒரு நாள் இருக்கிறது.

*ரான்னியிடம் வேலைக்குச் சேருதல்.* ரான்னி'ஸ் ரைஸ் கோபுரத்தின் உச்சியில் அவள் இருப்பாள். அவளுக்காக உழைக்கச் சம்மதியுங்கள். கீழே பிளைத், இஜி, மந்திர ஆசான் செலூவிஸ் மூவரும் நிழலுருவில் நிற்பார்கள். மூவரிடமும் பேசிவிட்டு மறுபடி ரான்னியிடம் ஏறிப் பேசுங்கள். இந்த மறுபடி ஏறுவதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ரவுண்ட்டேபிளில் இருக்கும் ரோஜியர் என்ற மந்திரவாதியோடு உங்களுக்குப் பழக்கம் இருந்தால், ரான்னியிடம் சம்மதம் சொல்வதற்கு முன் அவர் கேட்டதைச் செய்துவிடுங்கள். லியூர்னியாவின் பிளாக் நைஃப் கேட்டகோம்ஸ் சுரங்கத்தில் ஒரு பொய்ச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கொலையாளியை வென்றால் அவர் தேடும் கத்தித் தடயம் கிடைக்கும். ரான்னி யார், அந்தப் பழைய இரவில் அவள் செய்தது என்ன என்பது அந்தப் பேச்சிலிருந்துதான் விளங்க ஆரம்பிக்கும்.

*சியோஃப்ரா நதி.* மிஸ்ட்வுட் காட்டில் ஒரு கிணற்றுக் கட்டடம் இருக்கிறது. அதன் லிஃப்ட் கீழே போய்க்கொண்டே இருக்கும். நிற்கும் இடத்தில் தலைக்கு மேல் விண்மீன்கள் நிறைந்த வானம். பூமிக்கடியில் வானம்! நான் அங்கே விளையாடுவதை நிறுத்திவிட்டு வெறுமனே சுற்றிப் பார்த்தேன். அங்கே ஆற்றோரம் பிளைத் நிற்பான். எதிரே உயரத்தில் நோக்ரான் நகரம் தெரிகிறது, ஆனால் வழியில்லை என்பான். செலூவிஸிடம் கேட்டால் செல்லன் என்ற சூனியக்காரிக்கு அறிமுகக் கடிதம் தருவான். அவள் லிம்கிரேவில் வேபாயின்ட் ரூயின்ஸின் நிலவறையில் இருக்கிறாள். விண்மீன்களின் ஓட்டத்தை ரடான் என்ற தளபதி நிறுத்தி வைத்திருக்கிறான், அது மறுபடி ஓடினால்தான் ரான்னியின் விதியும் நகரும் என்று அவள் சொல்வாள். அதைப் பிளைத்திடம் வந்து சொல்லுங்கள்.

*செலூவிஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை.* நெஃபெலி என்ற பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி அவன் ஒரு மருந்து தருவான். கொடுக்காதீர்கள். குடித்தால் அவள் அவனுடைய பொம்மையாகி விடுவாள். அதை ரவுண்ட்டேபிளில் இருக்கும் கிடியனிடம் கொடுத்துவிட்டால் அவர் அப்புறப்படுத்தி விடுவார். பின்னால் ரான்னிக்கே ஒரு மருந்து கொடுக்கச் சொல்வான். அதைச் செய்தால் ரான்னி கடுங்கோபம் கொள்வாள், கதை அங்கேயே நின்றுவிடும். கோபுரங்களுக்கு அருகே உள்ள இடிபாட்டில் பொய்த் தரைக்குக் கீழே அவன் ஒரு ரகசிய அறை வைத்திருக்கிறான். போய்ப் பார்த்தால் அவன் எப்படிப்பட்டவன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

*ரடான் திருவிழா.* கேலிட் நிலத்தின் தென்கிழக்கே ரெட்மேன் கோட்டை. கதையை இவ்வளவு தூரம் நகர்த்தியிருந்தால், அல்லது ஆல்ட்டஸ் மேட்டில் ஒரு கிரேஸைத் தொட்டிருந்தால், அங்கே திருவிழா தொடங்கியிருக்கும். முன்பே ரடானை வென்றுவிட்டீர்கள் என்றாலும் ரான்னியின் கதை கெடாது.

முற்றத்தில் வீரர்கள் கூடியிருப்பார்கள். பிளைத்தும் வந்திருப்பான், உருண்டை ஜாடி வீரன் அலெக்சாண்டரும் இருப்பான். எல்லோரிடமும் பேசிவிட்டுக் களத்துக்குப் போங்கள். மணற்பரப்பில் ஆங்காங்கே அவர்களின் அழைப்புக் குறிகள் கிடக்கும். குதிரையில் ஓடிக்கொண்டே ஒவ்வொருவராக அழையுங்கள், விழுந்தவர்களைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழைக்கலாம். நெருங்கும்வரை தூரத்திலிருந்து அம்புகள் வரும், நேர்க்கோட்டில் ஓடக் கூடாது.

ரடான் அவ்வளவு பெரிய உடம்போடு எலும்பும் தோலுமான ஒரு சின்னக் குதிரையின் மேல் இருப்பான். முதலில் பார்க்கும்போது விசித்திரமாகத் தெரியும். வென்ற பிறகு கிடைக்கும் நினைவுப் பொருளின் விளக்கத்தைப் படியுங்கள். தன் குதிரையைக் கைவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவன் ஈர்ப்பு மந்திரத்தைக் கற்றிருக்கிறான். அதைப் படித்த பிறகு அந்த வெற்றியைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

*நோக்ரான்.* ரடான் வீழ்ந்ததும் வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் லிம்கிரேவில் விழும். மிஸ்ட்வுட் காட்டின் தெற்கே, ஃபோர்ட் ஹைட் பக்கத்தில் பெரும் பள்ளம் திறந்திருக்கும். மிதக்கும் பாறைகளில் இறங்கினால் நோக்ரான். அங்கே முதல் பாஸ் மிமிக் டியர், உங்கள் உருவத்தையும் ஆயுதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். மூடுபனிக் கதவுக்கு முன்னால் கவசம், ஆயுதம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போய், பிறகு மாட்டிக்கொள்ளுங்கள். எதிரி வெறுங்கையோடு வருவான்.

பாலத்தைத் தாண்டி ஆன்செஸ்ட்ரல் வுட்ஸ் வந்ததும் நிறையப் பேர் காட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பார்கள். வழி காட்டில் இல்லை, கீழே நகரத்தின் கூரைகளில் இருக்கிறது. கூரையிலிருந்து கூரைக்குக் குதித்து நைட்ஸ் சேக்ரட் கிரவுண்டுக்குப் போங்கள். ஒரு சிம்மாசனத்தில் ராட்சத எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கும், அதன் காலடியில் உள்ள பெட்டிக்குள் ரான்னி தேடும் ஃபிங்கர்ஸ்லேயர் பிளேடு. அதே பகுதியில், கல்வாள் சாவி போட்டுத் திறக்கும் கதவுக்குப் பின்னால் மிமிக் டியரின் ஆவிச் சாம்பல் இருக்கிறது. இந்த விளையாட்டின் மிகப் பயனுள்ள சாம்பல்களில் ஒன்று அது, விட்டுவிட்டு வராதீர்கள்.

*தலைகீழ் மண்டபம்.* பிளேடை ரான்னியிடம் கொடுத்தால் தலைகீழான ஒரு சிலையைத் தருவாள். லியூர்னியாவின் கிழக்கே கேரியன் ஸ்டடி ஹாலில் அதை வைத்தால் கட்டடமே கவிழ்ந்துவிடும். விளக்குத் தூண்களும் விட்டங்களும் நடைபாதையாகும். இது ரான்னியின் கதைக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் முடிவில் இருக்கும் கோபுரத்தில் கிடைக்கும் மரண முத்திரை, ஃபியா என்ற பெண்ணின் கதைக்கு வேண்டும்.

*பொம்மையோடு பயணம்.* இப்போது பக்கத்துக் கோபுரமான ரென்னா'ஸ் ரைஸ் திறந்திருக்கும். உச்சியில் உள்ள வாயில் உங்களை ஐன்செல் நதிக்குக் கொண்டுபோகும். இறங்கிய இடத்துக்கு அருகே ஒரு கல்சவப்பெட்டி, அதற்குள் ஒரு குட்டிப் பொம்மை. எடுத்துக்கொண்டு கிரேஸில் உட்கார்ந்தால் பொம்மையிடம் பேசு என்ற தேர்வு வரும். பேசினால் பதில் இருக்காது. மறுபடி பேசுங்கள். பொம்மை வாயே திறக்காது. இன்னும் ஒரு முறை. அப்போதுதான் ரான்னி சலித்துப்போய் வாய் திறப்பாள். திரும்பத் திரும்பப் பேச வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

அங்கிருந்து பாழடைந்த உல் அரண்மனை, அதைத் தாண்டி நோக்ஸ்டெல்லா நகரம். நகரத்தின் அடியில் நோக்ஸ்டெல்லா வாட்டர்ஃபால் பேசின் கிரேஸுக்கு அப்பால் பேல்ஃபுல் ஷேடோ என்ற எதிரி வரும். உருவம் பிளைத்தைப் போலவே இருக்கும். அது பிளைத் இல்லை, ஆனால் அந்த உருவம் ஏன் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வென்றால் ஒரு சாவி கிடைக்கும்.

*மோதிரம்.* இந்தச் சாவி எங்கே பொருந்தும் என்று விளையாட்டு நேரடியாகச் சொல்லாது. ராயா லுகாரியா என்ற மந்திரக் கல்விக்கூடத்தின் நூலகத்தில், நீங்கள் வென்ற அரசி ரென்னாலா உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ரென்னாலா ரான்னியின் தாய். பெட்டிக்குள் டார்க் மூன் மோதிரம். அதன் விளக்கத்தில் ஒரு வேண்டுகோள் இருக்கும்: நீ யாராக இருந்தாலும் இதை எடுத்துப் போகாதே, இரவுக்கு அப்பால் இருக்கும் தனிமை எனக்கு மட்டும் ஆகட்டும் என்ற பொருளில். தனக்குத் துணையாக வரப்போகிறவனைக் காப்பாற்றத் தன் மோதிரத்தையே பூட்டி வைத்தவள் அவள். அந்த வரிகளைப் படித்துவிட்டு வெகு நேரம் கன்ட்ரோலரைத் தொடவில்லை.

*அழுகல் ஏரியும் ஆஸ்டெலும்.* லேக் ஆஃப் ராட் ஏரியில் கால் வைத்தாலே ராட் நோய் ஏறும். தரையில் இருக்கும் மிதிகற்களை அழுத்தினால் நீருக்கு மேல் கல்மேடைகள் எழும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடி, மேடையில் நின்று நோயைத் தீர்த்துக்கொண்டு நகருங்கள். மறுகரையில் கிராண்ட் கிளாய்ஸ்டர், அதன் முடிவில் அருவியோரம் ஒரு சவப்பெட்டி. அதில் ஏறிப் படுத்தால் அருவியில் இறங்கி ஆஸ்டெலிடம் போய்ச் சேருவீர்கள். அது மறைந்து தலைக்கு மேல் தோன்றிப் பிடிக்கும் தாக்குதலுக்கு மட்டும் கவனம் வேண்டும். மறைந்த நொடியில் ஓடத் தொடங்கி, உருண்டு விலகிவிடுங்கள்.

*நிலவின் மேடை.* ஆஸ்டெலுக்கு அப்பால் லிஃப்ட் உங்களை மூன்லைட் ஆல்டருக்கு ஏற்றும். மோதிரம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். அங்கே தேவாலயத்தின் முன்னால் அடூலா காத்திருக்கும், இந்த முறை ஓடாது. தேவாலயத்துக்குள் தரையில் ஒரு குழி. குதியுங்கள். ரான்னியின் பொம்மை உடல் சாய்ந்து கிடக்கும், பக்கத்தில் அவள் கொன்ற 'இரண்டு விரல்கள்', தெய்வச் சித்தத்தைச் சொல்லும் விரல் வடிவ உயிர். மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிடுங்கள். டார்க் மூன் கிரேட்ஸ்வோர்டு உங்களுக்குக் கிடைக்கும். அதைப் பிடிக்க வலிமை 16, சுறுசுறுப்பு 11, அறிவு 38 வேண்டும்.

விளையாட்டின் கடைசிப் பாஸான எல்டன் பீஸ்ட் வீழ்ந்த பிறகு, உடைந்து கிடக்கும் அரசி மரிகாவைத் தொடாதீர்கள். தரையில் ரான்னியின் நீலநிறக் குறி இருக்கும், அதைத் தொட்டால்தான் விண்மீன்களின் யுகம் என்ற முடிவு வரும்.

*பிளைத்.* பெரும்பாலோர் மோதிரத்தோடு இந்தக் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நடுவில், பிளேடைக் கொடுத்த பிறகு, லிம்கிரேவில் நீங்களும் அவனும் சேர்ந்து சண்டை போட்ட அதே எவர்கேயால் பக்கம் ஒரு முறை போங்கள். உள்ளே பிளைத் அடைபட்டிருப்பான். விடுவியுங்கள். சாலையோரத்தில் இஜியிடம் போய்க் கேட்டால் அடைத்தவர் அவர்தான் என்று ஒப்புக்கொள்வார். பிளைத் ரான்னிக்காக இரண்டு விரல்கள் கொடுத்த நிழல். அவள் அவற்றின் பேச்சை மீறினால் அவளுக்கே சாபமாக மாறும்படி படைக்கப்பட்டவன்.

ரான்னியின் கதை முடிந்ததும் அவள் கோபுரத்துக்குத் திரும்பிப் போங்கள். வாசலில் பிளைத் நிற்பான். புத்தி கலங்கிவிட்டது, ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான். உங்களை அடையாளம் தெரியாமல் தாக்குவான். அவன் கவசமும் வாளும் அங்கேதான் கிடைக்கும். அதன் பிறகு இஜியின் இடத்துக்கும் போய்ப் பாருங்கள். என்ன இருக்கிறது என்று எழுத விரும்பவில்லை.

சுவருக்குப் பின்னால் இருப்பவை

பொய்ச் சுவர்களைக் கண்டுபிடிக்க ஒரு அடி போதும். வழி சட்டென முடிகிற முட்டுச் சந்து, காரணமில்லாமல் காலியாக இருக்கும் அறை, இரண்டிலும் சுவரைத் தட்டிப் பாருங்கள். எரிமலை மாளிகையில் சாவி கிடைத்ததும் திறக்கும் அறைகளில் ஒன்றில் இப்படி ஒரு சுவர் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு முழு ஊரே மறைந்திருக்கிறது.

அதே எரிமலை மாளிகைக்கு இன்னொரு வழி, கேட்டால் நம்ப மாட்டீர்கள். ராயா லுகாரியாவில் நீர்ச்சக்கர லிஃப்டின் அடித்தளத்தில் ஒரு இரும்புக் கன்னி எந்திரம் இருக்கிறது. அது பிடித்து உங்களைக் கொன்றால், கண் விழிப்பது மாளிகையின் அடிநிலவறையில். சாவையே கதவாக வைத்திருக்கிறார்கள். நிலை குறைவாக இருக்கும்போது போனால் திரும்பி வருவது கடினம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வரைபடத்தில் இன்னும் திறக்காத பகுதியிலும் சின்னத் தூண் போன்ற குறி தெரியும். வரைபடத் துண்டு அங்கேதான் கிடைக்கும், புதிய நிலத்தில் முதலில் அங்கே ஓடுங்கள்.

ஹாலிக்ட்ரீ என்ற மறைவான மரத்துக்குப் போக ஒரு பதக்கத்தின் இரண்டு பாதிகள் வேண்டும். வலப்பாதி, லியூர்னியாவின் தென்மேற்கே அல்பினாரிக்குகளின் கிராமத்தில். மேட்டில் ஒரு சாதாரண ஜாடி இருக்கும், அடித்தால் அது ஆல்பஸ் என்ற முதியவராக மாறும். ஊரே கொல்லப்பட்டபோது ஜாடி வேடத்தில் ஒளிந்து பிழைத்தவர். இடப்பாதி, ராட்சதர்களின் மலையின் வடக்கே காசில் சோலில், தளபதி நையலுக்குப் பின்னால். இரண்டும் சேர்ந்ததும் கிராண்ட் லிஃப்ட் ஆஃப் ரோல்டில் நின்று, வழக்கமான பதக்கத்துக்குப் பதில் ரகசியப் பதக்கத்தைத் தேர்ந்தெடுத்து உயர்த்துங்கள். லிஃப்ட் வேறு பனிவெளிக்குப் போகும். அங்கே ஆர்டினா நகரத்தில் நான்கு உருவங்களுக்குச் சுடர் ஏற்றினால் ஹாலிக்ட்ரீயின் வாசல் திறக்கும். மரத்தின் அடியில் இருப்பவள் மலேனியா. கேலிட் நிலம் அழுகிப்போனது அவளும் ரடானும் மோதிய போரில்தான்.

எப்போது கதவு மூடும்

மலிகெத் என்ற பாஸை வென்றதும் லெயின்டெல் தலைநகரம் சாம்பலாகி விடும். நகரத்துக்குள் செய்ய வேண்டியதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தலைநகரத்தின் அடியில், மோக்குக்குப் பின்னால் இருக்கும் பலிபீடத்தில் ஒரு பொய்ச் சுவர் உண்டு. அது கீழே வெறிச்சுடரிடம் இறங்கும். அந்தச் சுடரை ஏற்றுக்கொண்டால், துணையாக வரும் மெலினா உங்களை விட்டுப் போய்விடுவாள், மற்ற முடிவுகள் எல்லாம் மூடிக்கொள்ளும், ரான்னியுடையதும்தான். மில்லிசென்ட் என்ற பெண்ணின் கதையை முழுதாக முடித்துக் கிடைக்கும் மிக்கெல்லாவின் ஊசி ஒன்றுதான் அதை நீக்கும்.

2024 ஜூன் 21 அன்று வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்துக்குள் போக ரடானையும் ரத்தத்தின் அரசன் மோக்கையும் வென்றிருக்க வேண்டும். இருவருமே முக்கியக் கதைக்குக் கட்டாயம் இல்லாதவர்கள். கிளைவழிகளில் அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் கதவு.

போக்கிடம் திரும்புதல்

லெயின்டெல் வரை வந்துவிட்டீர்கள் என்றால் கிழக்கு மதில் கிரேஸில் போக் நிற்பான். இந்த முறை தையலைப் பற்றிப் பேச மாட்டான். தான் அவலட்சணமாக இருப்பதாகவும், ரென்னாலாவிடம் மறுபிறவி எடுத்து அழகாக வேண்டும் என்றும் சொல்வான். அதற்கு லார்வல் டியர் என்ற பொருள் ஒன்று வேண்டும். உங்கள் பையில் அது இருக்கும், கொடுக்கலாமா என்று விளையாட்டு கேட்கும்.

கொடுத்தால் அவன் நூலகத்துக்குப் போவான். அங்கே மனித முகத்தோடு இருப்பான், ஆனால் பேச்சு சரியாக வராது. அடுத்த முறை போனால் உயிரோடு இருக்க மாட்டான்.

கொடுக்காதீர்கள். கெல்மிர் மலையில் ஹெர்மிட் கிராமம் என்ற இடம் இருக்கிறது. அங்கே குரல் எழுப்பும் மண்தலை ஒன்று கிடைக்கும். பயன்படுத்தினால் 'நீ அழகாக இருக்கிறாய்' என்று சொல்லும். சண்டைக்கு உதவாது என்று பலர் அதைப் பையிலேயே மறந்துவிடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு போக்கின் எதிரே போய் நில்லுங்கள், ஒரு முறை பயன்படுத்துங்கள்.

அவன் அம்மா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. மறுபிறவிப் பேச்சை அன்றோடு விட்டுவிடுவான். அடுத்த முறை கிரேஸில் உட்காரும்போது பக்கத்தில் ஊசியும் நூலுமாக இருப்பான்.